சென்னையிலிருந்து நெல்லைக்கு மின்காரில்: வழியில் இருக்கும் சார்ஜரை நம்பிக் கிளம்பலாமா?

27.12.2024, மாலை (ஒரு வாசகரின் கேள்வி)

அக்டோபரில் மின்கார் வாங்கினோம். சென்னைக்குள் ஓட்ட ஒரு குறையும் இல்லை, வீட்டிலேயே சார்ஜ் ஏறிவிடுகிறது. பொங்கலுக்கு நெல்லை போக வேண்டும். கூட அம்மா, இரண்டு குழந்தைகள். சார்ஜர் இருக்கும் இடங்களைக் காட்டும் ஆப்பைத் திறந்தால் வழியெல்லாம் பச்சைப் புள்ளி. ஆபீஸில் கேட்டால் "புள்ளியை நம்பிப் போகாதே, பாதி வேலை செய்யாது" என்கிறார்கள். போய் வந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள் அண்ணா.

27.12.2024, இரவு 10.40

போகலாம். இந்த வழியில் இரண்டரை வருஷத்தில் ஆறு முறை போய் வந்திருக்கிறேன். என்னுடையது 40.5 யூனிட் பேட்டரி உள்ள டாடா நெக்ஸான் மின்கார். ஏசி போட்டு, நாலு பேரோடு, 90ல் ஓட்டினால் யூனிட்டுக்கு ஆறு, ஆறரை கிலோமீட்டர் வரும். சென்னையிலிருந்து நெல்லை 620க்கு மேல். ஆக வழியில் மூன்று இடத்தில் நிற்க வேண்டும். அதில் ஒன்று சாப்பாட்டு நேரம், ஒன்று காபி, ஒன்று மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பது.

உங்கள் ஆபீஸில் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பச்சைப் புள்ளி என்றால் "இப்போது யாரும் கன்னைச் சொருகவில்லை" என்றுதான் பொருள். கன் என்பது சார்ஜர் ஒயரின் நுனியில், காரில் சொருகும் பிடி. சொருகினால் ஏறும் என்று பொருள் இல்லை. அந்த இயந்திரத்துக்குள் செல்போனில் இருப்பது போல ஒரு சிம் இருக்கும். அது "நான் இருக்கிறேன், காலியாக இருக்கிறேன்" என்று சர்வருக்கு அவ்வப்போது சொல்லிக்கொண்டிருக்கும். கன்னின் பின் தேய்ந்திருக்கலாம், திரை உறைந்திருக்கலாம், காரோடு பேச ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிடலாம். இதெல்லாம் அந்தப் புள்ளிக்குத் தெரியாது.

அதனால் நான் ஆப்பைப் பார்த்து இடத்தை முடிவு செய்வேன், போனில் கேட்டு உறுதி செய்வேன். கஸ்டமர் கேரைக் கூப்பிடாதீர்கள், அவர்களும் அதே புள்ளியைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார்கள். அந்த ஹோட்டலையோ பங்க்கையோ நேரடியாகக் கூப்பிடுங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இன்னைக்கு யாராவது சார்ஜ் போட்டாங்களா?"

"வேலை செய்யுதா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். யாராவது போட்டார்களா என்று கேட்டால் திரும்பிப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுச் சொல்வார்கள். அதுதான் நமக்கு வேண்டிய பதில்.

28.12.2024

நேற்று விட்டுப்போனது. ஆப்புகளை எல்லாம் வீட்டில் வைஃபையில் இருக்கும்போதே இறக்கி, ஓடிபி போட்டு, வண்டி எண்ணைப் பதிந்து, வாலட்டில் பணம் போட்டுவிடுங்கள். நெடுஞ்சாலையில் சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில் நின்று ஓடிபிக்குக் காத்திருக்கும் வேதனை வேண்டாம். என் போனில் இப்போது ஒன்பது ஆப் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் நூறு, இருநூறு, முந்நூறு என்று பணம் கிடக்கிறது.

பிளக்‌ஷேர் என்ற ஆப்பையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அது எந்தக் கம்பெனியின் பேச்சும் இல்லை, சார்ஜ் போட்டவர்கள் எழுதுவது. "நேற்று 28 கிலோவாட் வந்தது" என்று (கிலோவாட் என்பது சார்ஜ் ஏறும் வேகம்) ஒரு வரி இருந்தால் அது பத்துப் பச்சைப் புள்ளிக்குச் சமம். நீங்களும் போட்டுவிட்டு ஒரு வரி எழுதுங்கள்.

29.12.2024

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்று அரசு விதியே இருக்கிறதே, அப்புறம் எதற்கு இந்தக் கணக்கெல்லாம்?"

மத்திய மின்துறை 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் வந்தது அது: நகரத்துக்குள் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டத்தில் ஒன்று, நெடுஞ்சாலையில் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று. 2024 செப்டம்பரில் வந்த புதிய வழிகாட்டுதல் நெடுஞ்சாலைக்கு 20 கிலோமீட்டர் என்று நெருக்கிவிட்டது. நகரங்களில் 2030க்குள் 1 கிலோமீட்டர் கட்டம். நல்லதுதான். இதில் எனக்குப் பெரிதாகப் படுவது 2018 ஏப்ரலில் வந்த வேறொரு விளக்கம்: சார்ஜ் போட்டுக் காசு வாங்குவது மின்சார விற்பனை ஆகாது, அதற்கு உரிமம் வேண்டாம் என்றார்கள். அதனால்தான் இன்று ஹோட்டல்காரர் முதல் பெட்ரோல் பங்க் வரை யாரும் வைக்க முடிகிறது. 2022ல் பாரத் பெட்ரோலியம் சென்னை, திருச்சி, மதுரை நெடுஞ்சாலையில் தன் பங்க்குகளில் வேகச் சார்ஜர் வைத்தபோது இந்த வழியில் போகும் எங்களுக்கெல்லாம் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

ஆனால் இதெல்லாம் எத்தனை வைக்க வேண்டும் என்ற பேச்சு. வைத்தது நாளைக்கும் ஓட வேண்டும் என்ற பேச்சு தனி. இந்த இழையில் நான் சொல்ல நினைப்பது அந்த இரண்டாவதைத்தான்.

12.01.2025, காலை 6.15, பெரம்பலூர் பக்கம்

நேற்று ராத்திரி மாட்டிக்கொண்டோம். இப்போது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. ஊர் போய் எழுதுகிறேன். கேள்வி கேட்ட தம்பி, குழந்தைகளோடு ராத்திரியில் கிளம்ப வேண்டாம். பகலில் போங்கள்.

17.01.2025

சரி, நடந்தது இது. சனிக்கிழமை மாலை 6 மணிக்குக் கிளம்பினோம். பொங்கல் கூட்டம், கிளாம்பாக்கம் தாண்டவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. விக்கிரவாண்டி பக்கம் ஒரு ஹோட்டலில் இரண்டு கன், முன்னால் நாலு கார். ஒரு காருக்கு முக்கால் மணி நேரம் வைத்தாலும் எங்கள் முறை வர நள்ளிரவு தாண்டும். பேட்டரியில் 35 சதவீதம் இருந்தது, உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு பங்க்கில் பச்சைப் புள்ளி தெரிந்தது. போனில் கேட்டு உறுதி செய் என்று இங்கே எழுதியவன் நான்தான். அந்த நேரத்தில் பங்க் எண் கிடைக்கவில்லை, கிளம்பிவிட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது மணி 1.10, பேட்டரி 14 சதவீதம். திரையில் ஒரு பிழை எண், அவ்வளவுதான். ஆப்பில் அப்போதும் பச்சை. கஸ்டமர் கேரில் இருபது நிமிடம் காத்திருந்து ஒருவர் எடுத்தார். இங்கிருந்தே ரீசெட் செய்கிறேன் என்று மூன்று முறை முயன்றார். பிறகு இன்ஜினியர் காலை 11 மணிக்கு வருவார் என்றார். அடுத்த சார்ஜர் 44 கிலோமீட்டர். கார் காட்டியது 36.

பங்க்கை ஒட்டி ஒரு பரோட்டா கடை. மூடிக்கொண்டிருந்தார்கள். டிக்கியில் வண்டியோடு வந்த 15 ஆம்பியர் சார்ஜர் பெட்டி இருந்தது. கல்லா பக்கத்து பிளக்கில் போட்டேன், பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கியது. எர்த் சரியில்லை என்று அர்த்தம். எர்த் இல்லாத இடத்தில் அந்தப் பெட்டி ஒரு யூனிட் கூட ஏற்றாது, அது நம் உயிருக்காகச் செய்த ஏற்பாடு. கடைக்காரர் யோசித்துவிட்டு, பின்கட்டுக்குக் கூட்டிப்போய் கிரைண்டர் பிளக்கைக் காட்டினார். "இது தனியா எர்த் குழி தோண்டிப் போட்டது சார், கிரைண்டர்ல ஷாக் அடிச்சுதுன்னு." காரைப் பின்பக்கமாகக் கொண்டுபோய், ஒயரை ஜன்னல் வழியாக விட்டோம். பச்சை விளக்கு.

ஒரு மணி நேரம் பத்து நிமிடம். 14 சதவீதம் 22 ஆனது. மகள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். என் மனைவியும் கடைக்கார அம்மாவும் வெங்காயச் சாக்கின் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றார் கடைக்காரர். மறுநாளுக்கு வைத்திருந்த முட்டையில் ஆறு அவித்துத் தரச் சொல்லி அதற்குக் காசு கொடுத்தேன். பிறகு 50ல், ஏசி இல்லாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டி, 6 சதவீதத்தோடு அடுத்த சார்ஜருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அந்த இயந்திரம் யாருடையது என்று கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. நேற்று ஒன்று, நாளை வேறொன்று. எல்லாருடைய இயந்திரத்திலும் எனக்கு நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு.

18.01.2025

கேள்வி கேட்ட தம்பி குடும்பத்தோடு பஸ்ஸில் போய்விட்டாராம். "உங்கள் குறிப்பைப் பார்த்துவிட்டு அம்மா வேண்டாம் என்றுவிட்டார்" என்று எழுதியிருக்கிறார். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒருவர் வண்டி வாங்கி, வீட்டில் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லி, கடைசியில் பஸ் ஏறுவது சின்ன விஷயம் இல்லை. ஒரு சார்ஜர் ஒரு ராத்திரி ஓடாததால் இழப்பது அந்த ஒரு செஷனுக்கான முந்நூறு ரூபாய் மட்டும் இல்லை.

02.02.2025

முக்கியமான திருத்தம். ஜனவரி 17 குறிப்பைப் படித்த வாசகர் ஒருவர், சார்ஜர் பராமரிப்பு வேலையில் இருப்பவர், "சிவப்புப் பொத்தானைப் பார்த்தீர்களா?" என்று கேட்டிருந்தார். அன்று இரவு திரையைப் படம் எடுத்திருந்தேன். இப்போது அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில், காளான் தலை மாதிரி அந்தச் சிவப்புப் பொத்தான், உள்ளே அமுங்கி இருக்கிறது.

அவசர நிறுத்தப் பொத்தான் அது. பெரும்பாலான வேகச் சார்ஜர்களில் இருக்கும். யாராவது அமுக்கினால் மின்சாரம் உடனே அறுந்துவிடும், தானாகத் திரும்பாது. அம்புக்குறி காட்டும் பக்கம் திருகினால் டக்கென்று வெளியே வரும், பிறகு ஒன்றிரண்டு நிமிடத்தில் இயந்திரம் எழுந்துகொள்ளும். குழந்தைகள் அமுக்குவார்கள். சார்ஜை நிறுத்தத் தெரியாதவர்கள் அதைத்தான் நிறுத்தும் பொத்தான் என்று நினைத்து அமுக்குவார்கள். இந்த வேலையில் இருக்கும் அவர் சொல்கிறார்: பழுது என்று கூப்பிடும் இடத்துக்கு நூறு கிலோமீட்டர் வண்டி எடுத்துப் போய், பொத்தானைத் திருகிவிட்டுத் திரும்பிய நாட்கள் உண்டு என்று.

ஆக அன்றைக்கு அந்த இயந்திரம் கெட்டுப்போயிருக்கவில்லை என்றுதான் இப்போது நம்புகிறேன். போனில் பேசியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பங்க்கில் இருந்த பையனுக்குத் தெரிந்திருந்தாலும் போதும். அவனை யாரும் கூப்பிட்டு இதைக் காட்டித் தரவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்டபடி திருகாதீர்கள். கருகல் வாசனை, புகை, அடியில் தண்ணீர், உடைந்த கன், இதில் எது இருந்தாலும் கை வைக்காதீர்கள், யாராவது காரணத்தோடுதான் அமுக்கியிருப்பார்கள். அங்கே இருப்பவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

03.02.2025

அவரே சொன்ன இன்னும் இரண்டு. கன் கனமானது, ஒயரின் பாரத்தில் கொஞ்சம் தொங்கும், பின் சரியாகப் படாது. சொருகியதும் பூட்டு விழும் சத்தம் கேட்கும் வரை ஒரு பத்து விநாடி கையால் தாங்கிப் பிடிக்க வேண்டும். இரண்டாவது, வரிசை: சில இயந்திரத்துக்கு முதலில் கன், பிறகு ஆப். சிலதுக்கு நேர் எதிர். ஒரு வழியில் வரவில்லை என்றால் கன்னை எடுத்துவிட்டு, காரை ஒரு தடவை பூட்டித் திறந்து, மாற்றிப் பாருங்கள்.

09.03.2025

போன ஜூலையிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். வெளியூர் வழியில் இதுவரை 38 தடவை கன்னைச் சொருகியிருக்கிறேன். 29 தடவை எடுத்த எடுப்பில் ஏறியது. 5 தடவை மல்லுக்கட்டி ஏறியது. 4 தடவை ஏறவே இல்லை. இது என் ஒருவன் கணக்கு, தமிழ்நாட்டுக் கணக்கு இல்லை.

அமெரிக்காவில் இதை முறையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2022ல் வந்த ஓர் ஆய்வு. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 181 நிலையங்கள், 657 கன்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தார்கள். வேலை செய்தது 72.5 சதவீதம். திரை செத்திருந்தது, பணம் செலுத்த முடியவில்லை, ஆரம்பித்து நின்றுவிட்டது, நெட்வொர்க் இல்லை, கன் உடைந்திருந்தது. நாம் இங்கே பேசும் அதே பட்டியல். கிட்டத்தட்ட 5 சதவீதத்தில் ஒயர் கார் வரை எட்டவே இல்லை! மின்காரின் தாய்வீடு என்கிற ஊரிலேயே இந்த நிலை.

சரி, இதை வைத்து ஒரு கணக்கு. ஒரு கன் நாலில் ஒரு தடவை கைவிடும் என்று மோசமாகவே வைத்துக்கொள்வோம். ஒரே கன் இருக்கும் இடத்துக்குப் போனால் நாலில் ஒரு தடவை தெருவில் நிற்பேன். இரண்டு கன் இருந்தால் இரண்டும் கைவிடுவது பதினாறில் ஒன்று. நாலு கன் இருந்தால் 256ல் ஒன்று. அதே இயந்திரம், அதே கம்பெனி, அதே சோம்பல். ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் போதும், நம்பலாம் என்கிற அளவுக்கு வந்துவிடுகிறது.

20 கிலோமீட்டருக்கு ஒன்று என்று தூவுவதற்குப் பதில் 80 கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் நாலு வையுங்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். ஒரு கார் 200 கிலோமீட்டர் ஓடும்போது 20 கிலோமீட்டருக்கு ஒன்று எதற்கு?

10.03.2025

டீசல் கார் வைத்திருக்கும் ஒரு வாசகர்: "பெட்ரோல் பங்க்கிலும் ஸ்டாக் இல்லை என்று பலகை வைக்கிறார்களே."

வைக்கிறார்கள். பலகை வைக்கிறார்கள், அதுதான் விஷயம். தூரத்திலிருந்தே தெரியும், அடுத்த பங்க் ஐந்து கிலோமீட்டரில் இருக்கும், ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். நான் சார்ஜரிடம் கேட்பதும் அந்தப் பலகையைத்தான்.

18.05.2025

மார்ச் 9 கணக்கைத் திருத்த வேண்டும். அதைப் படித்துவிட்டு நம்பிப் போனவர்கள் யாராவது இருந்தால் மன்னிக்கவும்.

போன செவ்வாய்க்கிழமை காலை 9.30. விருதுநகர் தாண்டி, நாலு கன் இருக்கும் இடம். நான் ஆசைப்பட்டுக் கேட்டதே அப்படிப்பட்ட இடம்தான். நாலும் இருட்டு. மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 மணியிலிருந்து மின்தடை, மதியம் 2 மணிக்குத்தான் வரும் என்றார்கள். துணை மின்நிலையத்தில் நிறுத்தினால் நாலு என்ன, நாற்பது கன் இருந்தாலும் சேர்ந்துதான் சாகும். ஹோட்டலில் ஜெனரேட்டர் ஓடியது. அது ஃபிரிட்ஜுக்கும் விளக்குக்கும். ஒரு 60 கிலோவாட் சார்ஜரை அதில் மாட்ட முடியாது.

256ல் ஒன்று என்பது நாலு கன்னும் தனித்தனியாகக் கெட்டால்தான் பொருந்தும். மின்சாரம் ஒரே கம்பியில் வருகிறது, சர்வர் ஒன்று, பல இடங்களில் சிம் கூட ஒன்று. பொதுவான ஒன்று விழுந்தால் எல்லாம் விழும்.

அதனால் இப்போது நான் வைத்திருக்கும் வழக்கம் இது. எந்த நிறுத்தத்துக்கும் ஒரு மாற்று இடம், வேறு கம்பெனியுடையதாக, வேறு ஊரில், அதாவது வேறு துணை மின்நிலையத்தில். முதல் இடத்துக்குப் போய்ச் சேரும்போது மாற்று இடத்துக்குப் போகிற அளவு சார்ஜ் மிச்சம் இருக்க வேண்டும், அதன் மேல் 10 சதவீதம். கிளம்பும் முன் அந்த மாவட்டத்து மின்தடை அறிவிப்பைப் பேப்பரில் பார்ப்பேன். தமிழ்நாட்டில் "நாளைய மின்தடை" என்று ஊர் ஊராகப் பெயர் போட்டுச் சொல்கிறார்கள். அந்தப் பட்டியல் ஆப்புக்குள் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். காலை 9 மணிக்கு நிறுத்தப்போவது முந்தின நாளே ஊருக்கெல்லாம் தெரியும், அந்தப் பச்சைப் புள்ளிக்கு மட்டும் தெரியாது.

வெளிநாட்டு விதிகளைப் புரட்டியபோது இதோடு சேர்ந்த ஒன்று கண்ணில் பட்டது. அமெரிக்காவில் மத்திய அரசுப் பணத்தில் வைக்கும் சார்ஜர் 97 சதவீத நேரம் ஓட வேண்டும் என்று விதி. வருஷத்தில் 11 நாள் வரை படுக்கலாம். ஆனால் கரண்ட் கம்பெனி நிறுத்திய நேரம், முன்கூட்டித் திட்டமிட்ட பராமரிப்பு, யாராவது உடைத்தது, புயல் வெள்ளம் இதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது. பிரிட்டனில் இன்னும் கறார்: 2024 நவம்பரிலிருந்து வேகச் சார்ஜர்கள் நெட்வொர்க் முழுவதற்கும் சராசரியாக 99 சதவீதம் ஓட வேண்டும், அதாவது வருஷத்தில் மூன்றரை நாள்தான் சலுகை. 24 மணி நேர உதவி எண்ணும் கட்டாயம்.

நம் ஊரில் 2023 மார்ச்சில் மூன்று எண்ணெய் நிறுவனங்களுக்கு 7,432 நிலையங்கள் வைக்க 800 கோடி ஒதுக்கினார்கள். இப்போது மின்வாகனங்களுக்கான மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங்குக்கு மட்டும் 2,000 கோடி. இந்தப் பணத்தில் வைப்பதையாவது எத்தனை மணி நேரம் ஓடியது என்று மாதாமாதம் வெளியிடச் சொல்ல வேண்டும். அப்படி வெளியிடும்போது கரண்ட் போன நேரத்தைக் கழிக்கவே கூடாது. தவறு யாருடையது என்பது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். சாலையில் நிற்பவனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

19.05.2025

அதே பயணத்தில் இன்னொன்று. மதியம் 1 மணி, சாத்தூர் பக்கம், வெயில் தகித்தது. 60 கிலோவாட் என்று எழுதியிருந்த இயந்திரம் 22 கொடுத்தது. விசிறிகள் விமானம் மாதிரி இரைந்தன. சூடு ஏறினால் இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்ளக் குறைத்துக்கொள்ளும், பேட்டரியும் அப்படியே. மேலே ஒரு தகரக் கூரை போட்டிருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். கூரைக்கு என்ன பெரிய செலவு?

இரண்டு கன் உள்ள 60ல் இரண்டு காரும் நின்றால் ஆளுக்கு 30தான் என்பதையும் கணக்கில் வையுங்கள். 80 சதவீதத்துக்கு மேல் வேகம் விழுந்துவிடும், அதனால் பின்னால் ஒருவர் காத்திருந்தால் 80ல் எடுத்துவிடுங்கள். பொங்கல் சமயத்தில் ஒருவர் 100 ஆகும் வரை எடுக்காமல் தூங்கினார், பின்னால் ஐந்து கார். யாருக்கும் எழுப்ப மனசு வரவில்லை.

06.07.2025

என் மனைவி இதை எழுதச் சொன்னாள். "நீங்க கிலோவாட்டையே எழுதிட்டு இருக்கீங்க. பாத்ரூமைப் பத்தி யாரு எழுதுவா?"

நியாயம். முக்கால் மணி நேரம் ஓர் இடத்தில் நிற்க வைக்கிறார்கள். வெளிச்சம் இல்லாத பங்க்கின் பின்மூலையில், லாரிகளுக்கு நடுவே சார்ஜர். பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடக்கும், சாவி யாரிடம் என்று தெரியாது. தனியாக ஓட்டி வரும் பெண் அங்கே ராத்திரி 11 மணிக்கு எப்படி நிற்பாள்? என் மனைவி வண்டி நன்றாக ஓட்டுவாள், இருந்தும் தனியாக நெல்லை போக மாட்டேன் என்பதற்கு அவள் சொல்லும் காரணம் பேட்டரி இல்லை, இதுதான்.

இயந்திரம் ஓடினாலும் ஒருவர் அங்கே நிற்க முடியாது என்றால் அவருக்கு அது ஓடாத இயந்திரம்தான். என் நோட்டில் இப்போது இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டிருக்கிறேன்: விளக்கு, கழிப்பறை. இந்த இரண்டும் நன்றாக உள்ள இடம் பெரும்பாலும் ஹோட்டல் வாசல். அங்கேதான் சார்ஜரும் நன்றாக ஓடுகிறது. கவனிக்க ஆள் இருக்கும் இடத்தில் எல்லாமே நன்றாக இருக்கிறது.

15.08.2025

ஒன்பது ஆப்பில் கிடக்கும் பணத்தை இன்று உட்கார்ந்து கூட்டினேன். 2,340 ரூபாய். இதில் இரண்டு ஆப்பை ஒரு வருஷமாகத் தொடவே இல்லை.

டீக்கடையில் பத்து ரூபாய்க்கு ஸ்கேன் செய்கிறோம். பூ விற்கும் அம்மா பலகையில் ஒட்டி வைத்திருக்கிறார். 500 ரூபாய்க்குச் சார்ஜ் ஏற்ற மட்டும் ஏன் ஆப், பதிவு, வாலட்? பிரிட்டனில் புதிதாக வைக்கும் 8 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொதுச் சார்ஜரில் கார்டைத் தட்டினால் போதும் என்று விதியே போட்டுவிட்டார்கள். நமக்கு அதைவிட நல்ல வசதி கையில் இருக்கிறது. சில இடங்களில் திரையிலேயே கியூஆர் வந்து, யூபிஐ-யில் கட்டி ஏற்றினேன். இரண்டு நிமிடம். மிச்சப் பணம் அதே கணக்குக்குத் திரும்பியும் வந்தது. எல்லா இடத்திலும் இப்படி வர வேண்டும்.

12.10.2025

கேள்வி கேட்ட தம்பி மறுபடி வந்திருக்கிறார். தீபாவளிக்குக் காரிலேயே போகிறாராம், அம்மா சம்மதித்துவிட்டார். இழையை முழுக்கப் படித்துத் தாளில் எழுதிய திட்டத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்: காலை 5 மணிக்குக் கிளம்புவது, மூன்று நிறுத்தம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று, ஹோட்டல் எண்கள். பார்க்கவே அவ்வளவு நிறைவாக இருந்தது. ஒரு திருத்தம் மட்டும்: தம்பி, திருச்சி நிறுத்தத்துக்கு நீங்கள் எழுதிய மாற்று அதே கம்பெனி, இரண்டு கிலோமீட்டர் தள்ளி. சர்வர் விழுந்தால் இரண்டும் விழும். மாற்றை விராலிமலைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

23.10.2025

தம்பி நல்லபடியாகப் போய் வந்துவிட்டார். ஒரு இடத்தில் கன் பூட்டவில்லை, தாங்கிப் பிடித்ததும் சரியாகிவிட்டதாம். ஒரு இடத்தில் அரை மணி நேரம் வரிசை. மாற்று இடம் எதுவும் தேவைப்படவில்லை.

நாங்களும் போனோம். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் மனைவி கேட்டாள், அந்தப் பரோட்டா கடையில் நிற்கலாமா என்று. கடைக்கார அம்மாவுக்குப் பட்சணம் கொண்டு வந்திருந்தாள். அவர்கள் பேசிக்கொண்டிருக்க, நான் பக்கத்துப் பங்க்குக்கு நடந்தேன். அதே இயந்திரம். சிவப்புப் பொத்தானுக்கு மேல் இப்போது ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கிறார்கள். பக்கத்துச் சுவரில் பெயின்ட்டால் ஒரு போன் எண். அன்று ராத்திரி இருந்த அதே பையன், இப்போது மீசை வைத்திருக்கிறான்.

எனக்குச் சார்ஜ் தேவைப்படவில்லை, 60 சதவீதம் இருந்தது. இருந்தாலும் கேட்டேன்: "தம்பி, இன்னைக்கு யாராவது சார்ஜ் போட்டாங்களா?"

அவன் பக்கத்தில் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. "ஒன்பது வண்டி சார். இப்போ பத்தாவது வந்துட்டு இருக்கு, போன் பண்ணிக் கேட்டுட்டுதான் வர்றாங்க."